சேதுவுக்கு, முருகேஷ்பாளையாவிலிருந்து

பெங்களூரு

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டதாக எழுதியிருந்தாய், நிம்மதி. என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் அடம்பிடிக்கிறது. மற்றபடி குறையில்லை.

எச்.ஏ.எல்.லில் காலமெல்லாம் ரிவெட் அடித்தவனுக்கு கோல்ஃப் எதற்கு என்று கேலி செய்திருந்தாய். எல்லாம் மாப்பிள்ளைக்கு விச்சிட்டாவில் வேலை கிடைத்ததால் வந்த வினை. கான்சாஸ் மாநிலத்து ஊர் அது. செஸ்னா, பீச்கிராஃப்ட் எல்லாம் அங்கே வளர்ந்தவைதான். எச்.ஏ.எல். இருக்கும் நம் விமானபுராவைப் பத்து மடங்கு பெரிதாக்கியதுபோல் இருக்கும் என்று நினைத்துக்கொள். அந்த ஊரில் விச்சிட்டா ஓபன் என்று ஒரு கோல்ஃப் போட்டி வருஷா வருஷம் நடக்கிறது. மகள் அதில் தன்னார்வலராகப் போய் நின்றாள். ஆட்டக்காரர் மட்டையை ஓங்கியதும் ‘சத்தம் போடாதீர்கள்’ என்ற அட்டையைத் தூக்கிக் காட்டுவதுதான் வேலை. பதினேழாவது ஹோலில் மட்டும் அந்த அட்டை செல்லாதாம். கையில் பீரோடு ஜனம் போடுகிற கூச்சலே அங்கே திருவிழா.

பெரிய நட்சத்திரங்கள் ஆடும் போட்டி அல்ல. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபின் உச்சப் போட்டித் தொடர் பி.ஜி.ஏ. டூர்; இது அதற்கு ஒரு படி கீழே உள்ள டூரைச் சேர்ந்தது. இந்தச் சின்ன டூரை 1990-இல் பென் ஹோகன் டூர் என்று ஆரம்பித்தார்கள். ஒரு போட்டிக்கு மொத்தப் பரிசே ஒரு லட்சம் டாலர், ஜெயித்தவருக்கு 20,000. இன்று மொத்தம் பத்து லட்சம். ஸ்பான்சர் மாற மாற டூரின் பெயரும் மாறிக்கொண்டே போனது: நைக்கி, பை.காம், நேஷன்வைட், வெப்.காம், 2019 முதல் கார்ன் ஃபெர்ரி. நம் ஊரில் தெருப்பெயர் மாற்றுகிறவர்கள்கூட இத்தனை சுறுசுறுப்பு இல்லை. முதல் வருஷப் போட்டிகளில் இன்றுவரை தாக்குப்பிடித்தவை நான்குதான்: பாய்சி, நாக்ஸ்வில், யூட்டா, விச்சிட்டா.

விச்சிட்டாவில் முதல் வருஷம் ஜெயித்தவர் டாம் லேமன். அவர் கதை உனக்குப் பிடிக்கும். பெரிய டூரில் நிலைக்க முடியாமல் ஆசியா, தென்னாப்பிரிக்கா என்று அலைந்துவிட்டு, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கோல்ஃப் பயிற்சியாளராகப் போய்விடலாமா என்று யோசித்திருக்கிறார். ஆனால் பனிக்காலத்தில் அங்கேயே பனிச்சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடும் கடையையும் கவனித்துக்கொள்ள வேண்டுமாம். மனுஷன் வேண்டாம் என்றுவிட்டு இந்தச் சின்ன டூருக்கு வந்தார். 1991-இல் இந்த டூரின் பரிசுப்பணப் பட்டியலில் முதலிடம், 1996-இல் பிரிட்டிஷ் ஓபன். அந்தக் கடை வேலையைத் தலையில் கட்டப் பார்த்தவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

2022-இல் ஜெயித்த நார்மன் சியாங் கல்லூரி நாளில் நாட்டிலேயே முதல் வரிசை ஆட்டக்காரர். அப்புறம் சரிந்துவிட்டார். விச்சிட்டாவில் ஆட நேரடி இடம் இல்லை. திங்கட்கிழமை தகுதிச்சுற்றில் ஆடி உள்ளே நுழைந்தவர், ஞாயிற்றுக்கிழமை கோப்பையோடு நின்றார்.

எனக்கு இந்தப் படிதான் பிடித்திருக்கிறது, சேது. டி.வி.யில் பார்க்கும் பெரிய போட்டிகளில் பின்தங்கினவனும் சொந்த விமானத்தில்தான் வீடு திரும்புகிறான். இங்கே இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பின் பின்தங்கியவர்களைக் கழித்துவிடும் ‘கட்’டைத் தாண்டாதவனுக்கு ஒரு காசு கிடையாது. ஓட்டல் வாடகை, மட்டைப் பை தூக்கும் கேடியின் கூலி எல்லாம் கைக்காசு. போதாததற்கு, வருஷக் கடைசியில் இங்கிருந்து பி.ஜி.ஏ. டூருக்கு ஏறுகிறவர்களின் எண்ணிக்கையையும் 2025-இல் முப்பதிலிருந்து இருபதாகக் குறைத்துவிட்டார்கள். அநியாயம் என்பேன்.

நம் கே.ஜி.ஏ. கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் தர்மபுரிக்காரப் பையன் ஒருவன் டீக்கடையில் பழக்கம். இதையெல்லாம் சொன்னால், “அட போங்க சார், நம்ம ஊர்ல தொழில்முறையா ஆடுற புரோவுக்கும் அதே கதைதான். கட் போச்சுன்னா அவர் என் முகத்தப் பாக்க மாட்டார், நான் அவர் பர்ஸப் பாக்க மாட்டேன்” என்கிறான். கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபன் ஜெயித்ததை அவனிடம் சொல்லப்போனேன். வருஷம், மைதானம், 1993-இல் மறுபடி ஜெயித்தது எல்லாம் அவனே ஒப்பித்துவிட்டான்.

விச்சிட்டா போட்டி பெரும்பாலும் ஜூனில். அந்த வாக்கில் நீ இங்கே வந்தால் ராத்திரி கண்விழித்து ஸ்கோர் பார்க்கலாம், துணைக்கு ஆளில்லாமல் வீட்டில் திட்டு வாங்குகிறேன். வரும்போது அரைக்கிலோ காப்பிப்பொடி, சிக்கரி கலக்காமல். நீ கேட்ட பென்ஷன் படிவத்தைத் தனியே தபாலில் அனுப்பியிருக்கிறேன், இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து போட மறந்துவிடாதே.

அன்புடன்,
ரங்கன்