பங்குத்தந்தையருக்குக் கருவுற்ற ஒரு மருமகளின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தையர் அனைவருக்கும்,

வணக்கம். நான் ஏழு மாதக் கர்ப்பிணி. தவக்காலம் தொடங்கிய நாளிலிருந்து எனக்கும் என் மாமியாருக்கும் இடையே நாளுக்கு ஒரு வேளை மட்டுமே முழு உணவு உண்ணும் ஒருசந்தி நோன்பையும், திருப்பலியில் பெறும் திருவப்பமான நற்கருணையையும் பற்றி மூண்டிருக்கும் மனத்தாங்கல், எங்கள் இருவராலும் தீர்க்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனன்று நான் காலையில் வழக்கம்போல் உணவு எடுத்துக்கொண்டேன். அத்தை ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும்போதுதான், "சாப்பிட்டுவிட்டு நன்மை வாங்கப் போகாதே, அது பிள்ளைக்கு ஆகாது" என்றார்கள். அன்று நான் நற்கருணை வாங்காமல் இருக்கையிலேயே அமர்ந்திருந்தேன். சாப்பிட்டதற்காக அல்ல, 'பிள்ளைக்கு ஆகாது' என்ற அந்தச் சொல்லுக்குப் பயந்து.

வீட்டுக்கு வந்து திருச்சபைச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். நற்கருணைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு உண்பதை நிறுத்தினால் போதும். தண்ணீரும் மருந்தும் அப்போதும் தடையில்லை. நள்ளிரவு முதல் தண்ணீர்கூட அருந்தாமல் இருக்கும் கட்டுப்பாடு 1953-இல் தளர்ந்து, 1957-இல் மூன்று மணி நேரமாகி, 1964-இல் ஒரு மணி நேரமானது. 67 வயதாகும் அத்தை காப்பது, தம் தாயார் கைக்கொண்டிருந்த அந்தப் பழைய நள்ளிரவு நோன்பைத்தான். ஒருசந்தியோ 18 வயது நிறைந்தவர்களை மட்டும், அதுவும் 60-ஆம் வயது தொடங்கும் வரை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆக, வயதால் அத்தைக்கு அந்தக் கடமை இல்லை, வயிற்றில் வளரும் பிள்ளையால் எனக்கும் இல்லை; எங்களில் எவர் மீதும் சுமத்தப்படாத ஒரு கடமைக்காக ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் இருக்கிறோம்.

இதை நான் எடுத்துச் சொன்னபோது அத்தை கோபப்படவில்லை. தாம் இரண்டு பிள்ளைகளைச் சுமந்த காலங்களிலும் ஒரு தவக்காலத்தில்கூட ஒருசந்தியை விடவில்லை என்றும், பிள்ளைகள் பிழைத்தது அந்த நேர்ச்சையால்தான் என்றும் கண் கலங்கச் சொன்னார்கள். அந்த நோன்பு தேவையில்லை என்று நான் சொல்வது, அவர்கள் பட்ட பசியெல்லாம் வீண் என்று சொல்வதாகவே அவர்கள் காதில் விழுகிறது. ஒரு தாயின் காணிக்கையைச் சட்டப் பிரிவைக் காட்டித் திருப்பித் தர எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளையின் உணவை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை.

அத்தைக்கு என் சொல் மருமகளின் சொல்; மருத்துவரின் சொல் உலகத்தின் சொல். பீடத்திலிருந்து வரும் உங்கள் சொல் மட்டுமே அவர்களுக்குத் திருச்சபையின் சொல். ஆனால் நான் கேட்ட தவக்கால அறிவிப்புகளில், "நோயாளிகளும் முதியோரும் தவிர" என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. கர்ப்பம் நோயன்று என்பதால், அந்த வாக்கியத்தில் எங்களுக்கு இடமில்லை என்றே வீட்டுப் பெரியவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்க ஆயர் பேரவையின் வழிகாட்டுதலில், கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் விலக்கு உண்டென்று வெளிப்படையாகவே கூறப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு சொற்களையும் நீங்களும் சேர்த்து வாசிக்கும்படி வேண்டுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. விலக்கை அறிவிக்கும் அதே மூச்சில், பசி தாங்கிப் பிள்ளை பெற்ற மூத்த தாய்மாரின் பக்திக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள். அவர்கள் செய்தது குறைவுபடவில்லை என்று உங்கள் வாயால் கேட்டால், அத்தையைப் போன்றவர்களால் அந்த விலக்கை மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ள முடியும். சிலுவைப் பாதையில் முழந்தாளிட முடியாமல் அமர்ந்திருக்கும் பெண்ணை, அருகில் இருப்பவர்கள் ஏற இறங்கப் பார்ப்பதும் அதனால் குறையும் என்று நம்புகிறேன்.

அடுத்த திருநீற்றுப் புதனன்று நான் பாலூட்டும் தாயாக இருப்பேன், இதே கேள்வி மீண்டும் எங்கள் வீட்டில் எழும். அதற்கு முந்தைய ஞாயிறு அறிவிப்பின்போது அத்தையும் நானும் ஒரே இருக்கையில் அமர்ந்திருப்போம்.

கிறிஸ்துவில் பணிவுடன்,
உங்கள் பங்கு மக்களில் ஒருத்தி