கரூர் வேன் உரிமையாளர்களுக்கு: அந்த 12 மணிக் கணக்கை விட்டுவிடுங்கள்

கரூரில் டூரிஸ்ட் வேனும் கோச்சும் வாடகைக்கு விடும் அண்ணன்மார்களுக்கு, வணக்கம்.

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் வண்டி பேசுகிற வேலை என் தலையில்தான் விழும். காதுகுத்து, கல்யாணம், பழனி, குலதெய்வம் என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாக உங்களில் பலரிடம் வண்டி எடுத்திருக்கிறேன். 12 சீட்டா 17 சீட்டா, ஏசி உண்டா இல்லையா, கிலோமீட்டர் ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கா, டோலும் பார்க்கிங்கும் யார் கணக்கு, இந்தப் பேச்செல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வியாபாரம் என்றால் நாலும் இருக்கும். நான் எழுத வந்தது உங்கள் ரேட் அட்டையில் கடைசியில் வரும் ஒரு வரியைப் பற்றி: "ஒரு நாள் என்பது இரவு 12 மணி முதல் மறுநாள் இரவு 12 மணி வரை."

போன மே மாதம் பழனி, கொடைக்கானல் என்று 17 பேருக்கு வண்டி பேசினேன். கிலோமீட்டருக்கு 22 ரூபாய், ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்கு வாடகை, ஓட்டுநர் பேட்டா நாளுக்கு 600. வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்றார் பெரியப்பா. நான்தான் வேண்டாம் என்றேன். 12 மணிக்கு முன்னால் வண்டி ஏறினால் அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகை போகும். அதனால் பன்னிரண்டரைக்குக் கிளம்பி, ஞாயிறு இரவு பதினொன்றே முக்காலுக்கு வண்டியை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. இரண்டே நாள் வாடகை. என் கெட்டிக்காரத்தனத்தை வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள்.

ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி ரோட்டில் போகும்போது மணி மூன்றரை இருக்கும். வண்டியில் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குகிறார்கள். ஓட்டுநர் தம்பி ஓரமாக நிறுத்தி, பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். "அண்ணா, முன்னால வந்து உக்காந்து ஏதாச்சும் பேசிட்டே வாங்கண்ணா" என்றார். போய் உட்கார்ந்தேன். கியர் பக்கத்தில் ஒரு பொட்டலம் பொரிகடலை. வாய் அசைந்துகொண்டே இருந்தால் கண் சொருகாதாம்.

"நேத்து எங்க போயிருந்தீங்க தம்பி?"

"வேளாங்கண்ணி ட்ரிப்புங்கண்ணா. ஒம்பது மணிக்குத்தான் ஷெட்டுக்கு வந்தேன். வண்டியக் கழுவி டீசல் போட்டு வர்றதுக்குள்ள மணி பன்னெண்டு."

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. பழனி போய்ச் சேரும்வரை கிரிக்கெட், பருத்தி நூல் விலை, அவருடைய மகளின் பள்ளிக்கூட ஃபீஸ் என்று என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தேன். நடுநடுவே அவர் பதில் சொல்லாமல் விட்டால் எனக்கு வயிறு கலங்கும்.

பழனியில் நாங்கள் மொட்டை போட்டு, மலையேறி, சாமி பார்த்து இறங்க நாலு மணி நேரமாயிற்று. அந்த நேரத்திலாவது அவர் தூங்கியிருப்பார் என்றுதான் நினைத்தேன். வெயிலில் நிற்கிற வண்டி. ஏசி போட்டால் டீசல் ஆகும். ஜன்னலில் துண்டைக் கட்டிவிட்டுப் படுத்தவரை எங்கள் பிள்ளைகளே மூன்று முறை எழுப்பியிருக்கிறார்கள், பை எடுக்க, செருப்புப் போட, தண்ணீர் குடிக்க. அப்புறம் கொடைக்கானலுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி மலைப்பாதை.

1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, ஓட்டுநருக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடுவில் அரை மணி ஓய்வு, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையில் தொடர்ந்து ஒன்பது மணி நேர ஓய்வு என்று எழுதி வைத்தார்கள். எங்கள் தம்பிக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம், அதிலும் வண்டி கழுவுகிற வேலை. உங்களை மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் வாடகையும் பேட்டாவும் சேர்ந்து 6,100 ரூபாய்; 17 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 360 கூட வராது. அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தவன் நான். ஆனால் என்னை அப்படிக் கணக்குப் போட வைத்தது உங்கள் 12 மணி வரி. அந்த வரி இருக்கிறவரை எல்லா வீட்டிலும் எவனாவது ஒரு கெட்டிக்காரன் நடு ராத்திரியில்தான் வண்டியை வரச் சொல்வான்.

வண்டி ஷெட்டைவிட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாக வையுங்கள். அடுத்த ட்ரிப்புக்கு வண்டி எப்போது திரும்பும் என்று தெரியாமல் போய்விடும் என்பீர்கள். சரி, பழனியில் 24 மணி நேரக் கணக்கில் ரூம் விடும் லாட்ஜ்காரர்கள் அடுத்த ஆளுக்கு ரூம் கொடுக்காமலா இருக்கிறார்கள்? 12 மணிக்குத்தான் கிளம்புவேன் என்று ஒருவர் அடம் பிடித்தால் இரண்டாவது ஓட்டுநரை அனுப்பி, இரண்டு பேட்டாவையும் பில்லில் போடுங்கள். வண்டி பேசும்போதே, வருகிற ஓட்டுநர் முந்தின நாள் எங்கே போயிருந்தார் என்று சொல்லிவிடுங்கள். ஏசி வேலை செய்கிறதா என்று கேட்கும் எங்களுக்கு இதைக் கேட்கத் தோன்றுவதில்லை.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அதில் வண்டி நம்பர் போட வேண்டும். ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டு ராத்திரியில் வேறு வண்டியை அனுப்பினால், செக்போஸ்ட்டில் நின்று போனைத் தடவுவது நாங்கள்தான்.

கொடைக்கானலில் அன்று இரவு அந்தத் தம்பி வண்டிக்குள்ளேயே இரண்டு பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார். லாட்ஜில் கேட்டதற்கு, டிரைவருக்கெல்லாம் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டல்களும் லாட்ஜுகளும் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் ஒதுக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-இல் கட்டட விதிகளையே திருத்தியது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வாக்குவாதமாவது செய்திருப்பேன். நீங்கள் பில்லில் "ஓட்டுநர் படுக்கை" என்று ஒரு தொகை போட்டிருந்தால், பேசாமல் கொடுத்திருப்போம்.

நம் ஊரின் பெயரே பஸ் பாடி கட்டுவதில்தான் வெளியூரில் தெரியும். எங்கிருந்தெல்லாமோ சேஸிஸ் வந்து, நம் பட்டறைகளில் கூண்டு கட்டிக்கொண்டு போகிறது. நான் ஏறிய வேன்களில் சாய்கிற சீட், கலர் கலராக லைட்டு, நாலு ஸ்பீக்கர், டிவி, போனுக்குச் சார்ஜ் எல்லாம் பார்த்திருக்கிறேன். ஓட்டுகிறவர் முதுகு சாய்க்க ஒரு பலகையை எந்த வேனிலும் பார்த்ததில்லை.

மகா சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம், அதே 17 பேர். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மறுநாள் மதியம் திரும்புகிறோம். ராத்திரி நாங்கள் கண் விழிப்போம். ஓட்டுநருக்குக் கோயிலுக்குப் பக்கத்திலேயே சித்தப்பா வீட்டில் கட்டில் சொல்லியாயிற்று. இரண்டு நாள் வாடகையாகவே போடுங்கள், பரவாயில்லை. முதல் நாள் ட்ரிப் போகாத ஆளாக அனுப்புவதாக இருந்தால் ரேட் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் வண்டி பேசுகிறவன்