செல்போன் பார்த்தபடி சைக்கிள் ஓட்டுவோருக்கு அபராதம்: ஒரு கோரிக்கை மனு

பெறுநர்
போக்குவரத்து ஆணையர் அவர்கள்

பொருள்: செல்போன் பார்த்தபடி வண்டி ஓட்டுதல் – சைக்கிளுக்கும் காருக்கும் தனித்தனி அபராதம் விதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். செல்போனும் கையுமாக வண்டி ஓட்டினால் சைக்கிளானாலும் காரானாலும் ஒரே அபராதம் போட வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. தினமும் சைக்கிளில் போகிறவன் நான். எங்களுக்கும் அபராதம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் ஒரே தொகை என்பது நியாயமில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார்க்காரர் 2 நொடி குனிந்து போனைப் பார்த்தால், 33 மீட்டர் தூரத்தைச் சாலையைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார். 15 கிலோமீட்டரில் போகும் சைக்கிளுக்கு அது 8 மீட்டர். கார் 1,200 கிலோ, ஆளோடு சைக்கிள் 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், காரின் இயக்க ஆற்றல் 200 மடங்குக்கும் மேல் வருகிறது. அந்த அடியை வாங்குவது பெரும்பாலும் காருக்கு வெளியே இருப்பவர். சைக்கிள்காரர் முதலில் தன் பல்லைத்தான் உடைத்துக்கொள்வார்.

சரி, அதற்காக எங்களை விட்டுவிடவும் முடியாது. ஒரு கையில் போன் இருந்தால் மிச்சம் ஒரு பிரேக்தான். அது முன் பிரேக்காக இருந்து, பதற்றத்தில் இறுக்கிப் பிடித்தால், பின்சக்கரம் தூக்கி ஆளை ஹேண்டில்பாருக்கு மேலாக வீசிவிடும். பின் பிரேக் மட்டும் என்றால் நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. ஒற்றைக் கையில் ஹேண்டில்பாரும் ஆடும். கடைசி நொடியில் பள்ளத்தைப் பார்த்து ஒடித்தால், பின்னால் வருகிற வண்டிக்குக் குறுக்கே போய் நிற்போம். நடந்துபோகும் முதியவரை இடித்துத் தள்ளினால் இடுப்பெலும்பு முறியவும் கூடும்.

ஜெர்மனியில் போனைக் கையில் பிடித்துக் கார் ஓட்டினால் 100 யூரோ அபராதம், கூடவே ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு குற்றப்புள்ளி. சைக்கிளுக்கு 55 யூரோ. இதுதான் எனக்குச் சரியான வழியாகத் தெரிகிறது. நெதர்லாந்து 2019 ஜூலை முதல் சைக்கிளிலும் போனைக் கையில் பிடிக்கத் தடை விதித்தது. ஜப்பான் 2024 நவம்பரில் சிறைத் தண்டனை வரை போய்விட்டது. அது கொஞ்சம் அதிகம்தான்.

எனவே, ஓடும் சைக்கிளில் போனைக் கையில் பிடிப்பதைத் தடைசெய்து, காருக்கான அபராதத்தில் பாதியை விதிக்க வேண்டுகிறேன். வழி பார்க்க ஹேண்டில்பாரில் ஸ்டாண்டு மாட்டியிருப்பவரையும், ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுபவரையும் இதில் சேர்க்க வேண்டாம். சோதனையைக் கார்களிலிருந்து தொடங்க வேண்டும். சைக்கிளை மறிப்பது சுலபம் என்பதற்காக எங்களை மட்டும் பிடித்துக் கணக்குக் காட்டக் கூடாது. அப்புறம், விபத்துப் பதிவில் போன் பயன்பாட்டை வண்டி வாரியாகத் தனித்தனியே குறிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சைக்கிளில் செல்லும் குடிமகன்