பாரிசவாதத்தை இரத்தம் காட்டிக்கொடுக்குமா?

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள நண்பர் கந்தசாமிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பாரிசவாதத்தில் விழுந்த உமது அண்ணர் தடியை ஊன்றியபடி முற்றம்வரை நடக்கிறார் என்று வாசித்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல்.

நெஞ்சுநோவென்று போனவருக்கு இரத்தத்தில் ட்ரொபோனின் என்ற புரதத்தைப் பார்த்து மாரடைப்பென்று சொல்லிவிடுகிறார்களே, அண்ணருக்கு மட்டும் சி.ரி. ஸ்கான் எடுக்கும்வரை ஏன் காத்திருந்தார்கள் என்று கேட்டிருந்தீர். ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இது என் மனதிலும் நெடுங்காலமாக இருக்கும் கேள்வி. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் உறைந்த இரத்தக்கட்டியால் அடைபட்டாலும் பாரிசவாதம்தான், குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கசிந்தாலும் பாரிசவாதம்தான். வாய் கோணுவதும் கை சோர்வதும் பேச்சுக் குழறுவதும் இரண்டிலும் ஒரேமாதிரி இருப்பதால், எவ்வளவு அனுபவமுள்ள வைத்தியராலும் கண்ணால் பார்த்து வகையை உறுதியாகச் சொல்ல இயலாது. அடைப்பென்றால் கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் மருந்தை நான்கரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். கசிவுள்ளவருக்கு அதே மருந்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. சீனாவில் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டியது: அம்புலன்ஸிலேயே இரத்த அழுத்தத்தைக் குறைத்தபோது கசிவுள்ளவர்கள் நன்மையடைந்தார்கள், அடைப்புள்ளவர்களுக்கோ அது தீங்காக முடிந்தது. வழியிலேயே வகையைச் சொல்லும் ஒரு பரிசோதனை இருந்தால் எத்தனை பேரின் கைகால்கள் பிழைக்கும் என்று அதை வாசித்தபோது நினைத்துக்கொண்டேன்.

அந்த இடத்துக்கு இப்போது மிகக் கிட்டே நிற்பது ஜி.எப்.ஏ.பி. என்ற புரதம். மூளையின் நரம்புக் கலங்களைத் தாங்கி நிற்கும் துணைக் கலங்களுக்குள் இருப்பது அது. கசிவு ஏற்படும்போது அந்தக் கலங்கள் உடனேயே நசுங்கிச் சிதைவதால், முதல் ஓரிரு மணித்தியாலங்களிலேயே அது இரத்தத்தில் ஏறிவிடுகிறது. அடைப்பில் கலங்கள் மெதுவாகவே சாவதால் அது ஏறப் பல மணித்தியாலங்கள் பிந்துகிறது. இந்த இடைவெளிதான் ஆய்வாளர்களின் நம்பிக்கை. தலையில் அடிபட்டவருக்கு ஸ்கான் தேவையா என்று தீர்மானிக்க, இதே புரதத்தையும் இன்னொன்றையும் அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்கா 2018இல் அனுமதி கொடுத்தது. ஆனாலும் சிறு கசிவு அளவில் பிடிபடாமல் போகலாம். மூளைக்கட்டி உள்ளவரிடமும் இது கூடியிருக்கலாம். எனவே ஸ்கானை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பி மருந்தேற்றும் நிலை இன்னும் வரவில்லை.

ட்ரொபோனின் இதயத்தசை சிதைந்ததும் நேரே இரத்தத்தில் கலக்கிறது. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலோ ஒரு தடுப்பு உண்டு. வெளியே வரும் புரதம் மிகச் சொற்பம். போதாததற்கு, முன்பு பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட சில குறிகாட்டிகள் மூளைக்கு மட்டும் உரியவையும் அல்ல. நரம்புக் கலத்தில் இருக்கும் ஒருவகை எனோலேஸ் நொதியம் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. சிறிய ஊசியால் வலிந்து இழுத்த இரத்தத்தை மையநீக்கியில் சுழற்றி எடுத்தால், வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக நிற்கும். சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அந்தக் குழாயில் எனோலேஸ் எவ்வளவு கூடியிருந்தாலும் அதை மூளையின் கணக்கில் எழுத முடியாது.

அண்ணர் எவ்வளவு தூரம் தேறுவார் என்பதை இரத்தம் சொல்லுமா என்பது உமது அடுத்த கேள்வி. நரம்பிழைகளின் உட்சட்டமாக இருக்கும் நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம், பாரிசவாதத்துக்குப் பிறகு நாட்கணக்கில் ஏறி, இரண்டு மூன்று வாரமளவில் உச்சத்தைத் தொடுகிறது. அது எவ்வளவு ஏறுகிறதோ, பொதுவாகச் சேதமும் அவ்வளவு பெரிது, பின்விளைவும் அவ்வளவு கடினம். என்றாலும் வயது ஏறினாலும் சிறுநீரகம் பழுதானாலும் அது கூடும். அதைவிட முக்கியம், சேதம் எங்கே என்று அந்த எண் சொல்லாது. கைகால்களுக்குப் போகும் நரம்பிழைகள் நெருங்கி ஓடும் இடத்தில் ஒரு சிறு புள்ளி செத்தாலே ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிடும். ஆகவே அந்த எண்ணைத் தேடிக்கொண்டு அண்ணரைக் கொழும்புக்கு அலைக்கழிக்க வேண்டாம். அந்தக் காசையும் தெம்பையும் பிசியோதெரபிக்கே கொடுங்கள். ஒரு நாளும் அதை விட வேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அண்ணரின் இதயத்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று நீண்ட நேர ஈ.சி.ஜி. பார்த்தார்களா எனக் கேளும். துடிப்பு ஒழுங்கில்லாமல் இதயத்தில் இரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போயிருந்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து வேறாகிவிடும்.

அண்ணியிடமும் ஒன்று சொல்லிவையும். திரும்பவும் முகம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுக்க வேண்டும். அண்ணர் கடைசியாகச் சுகமாக இருந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி வைத்தியரிடம் கொடுக்க வேண்டும். எந்த மருந்து, எந்த வழி என்று அவர்கள் தீர்மானிப்பது அந்த நேரத்தை வைத்துத்தான். அதை இன்றைய எந்த இரத்தப் பரிசோதனையும் சொல்லித் தராது.

அன்புடன்,
சண்முகநாதன்