பழைய டீலக்ஸ் ரிவெர்ப் பற்றி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு முகப்பு, வெள்ளி நிறத் துணி, படத்தில் தெரிகிறவரை அறுபதுகளின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப்தான் (ஒலிபெருக்கி). வாசித்துப் பார், மனதுக்குப் பிடித்தால் வாங்கிவிடு.

வெறும் 22 வாட் போதுமா என்று கேட்டிருந்தாய். அதன் அழகே அதில்தானே இருக்கிறது, கண்ணம்மா! ஃபெண்டரின் பெரிய ஆம்பான அந்தக் காலத்து ட்வின் ரிவெர்ப் 85 வாட். அதை ஒலி உடைந்து கரகரக்கிற அளவுக்கு ஏற்றினால் அறையில் யாரும் நிற்க முடியாது. டீலக்ஸ் அப்படியில்லை. வால்யூம் 3இல் பளிச்சென்று சுத்தமாக இருக்கும், 6ஐத் தாண்டும்போது ஒலியைப் பெருக்கும் அந்த இரண்டு 6வி6 வால்வுகளும் (கண்ணாடிக் குழாய்கள்) திணறத் தொடங்கும், ஆனால் அலையின் முகட்டைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல மழுக்கும், அதனால்தான் அந்த உடைந்த ஒலி காதைக் குத்துவதில்லை. மின்சாரத்தை நேர் மின்னோட்டமாக மாற்றுவதும் அதில் ஒரு வால்வுதான். நீ பல தந்திகளைச் சேர்த்து ஓங்கி ஒரு கார்டு அடித்தால் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி எழும். ஸ்வரம் முதலில் சற்று அமுங்கி, அப்புறம் மலரும். விரலை லேசாக்கினாலோ கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தாலோ ஒலி தானாகத் தெளிந்துவிடும். இப்போதைய டிஜிட்டல் ஆம்புகள் இதை நன்றாகவே நடிக்கின்றன, ஆனாலும் கைக்குப் பதில் சொல்கிற அந்த உணர்வு எனக்கு இதில்தான் முழுதாகக் கிடைக்கிறது.

ரிவெர்ப், அதாவது அந்த எதிரொலி, நிஜமான ஸ்பிரிங்குகள் வழியாக வருகிறது. ஆம்பைத் தட்டினால் இடி மாதிரி முழங்கும், பயப்படாதே.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பின்பக்கத்தை நீயாகத் திறக்காதே. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கலாம். வால்வு ஆம்ப் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, காய்ந்துபோன கெபாசிட்டர்களை மாற்றச் சொல், பழைய இரண்டு பின் வயர் இருந்தால் எர்த் உள்ள மூன்று பின்னாக்கச் சொல். ட்ரான்ஸ்ஃபார்மர்கள் நன்றாக இருந்தால் அவற்றில் கை வைக்க விடாதே. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யவும் கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

வந்ததும் ஒலியை மாற்றும் பெடல் எதுவும் இல்லாமல் நேராக வயரைச் செருகி வாசித்து, போனில் பதிவு செய்து அனுப்பு. ரிவெர்ப் 3க்கு மேல் வேண்டாம்.

அப்பா