குழந்தையின் பெயரும் விசைப்பலகையும்: ஓர் ஆசிரியைக்குக் கடிதம்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வகுப்பில் உள்ள நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்குத் தத்தம் பெயரைக் கணினியில் எழுதக் கற்றுக்கொடுக்கப் போவதாகவும், எந்த விசைப்பலகையில் தொடங்குவது என்பதில் தயக்கம் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தமிழ்99 முறையில் தொடங்குங்கள் என்பதே என் பதில். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறை பெரியவர்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் கோமதி என்னும் குழந்தை அதில் தன் பெயரை எழுத, முதல் ஒலிக்கு எந்த ஆங்கில எழுத்து, ஓகாரத்துக்கு எத்தனை தட்டு என்பதையெல்லாம் முன்பே அறிந்திருக்க வேண்டும். தன் பெயரை அடைய அத்தனை சுற்றுவழி அந்த வயதில் தேவையில்லை.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 அமைப்பில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கின்றன. 216 உயிர்மெய்களுக்கும் தனித்தனி விசை இல்லை. மெய்யைத் தட்டி, உயிரைத் தட்டினால் இரண்டும் இணைகின்றன. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தாளில் 'கோ' எழுதும் குழந்தை முதலில் இரட்டைக்கொம்பையும், பிறகு ககரத்தையும், கடைசியில் காலையும் எழுதுகிறது. வாயில் வரும் ஒலியின் வரிசை அதுவன்று. திரையிலோ முதலில் 'க' நிற்கிறது, அடுத்து 'ஓ' விசையைத் தொட்டதும் கொம்பும் காலும் அதன் இருபுறமும் ஒரே கணத்தில் வந்து அமர்கின்றன. மூன்று துண்டுகளாகத் தெரிந்தது உண்மையில் ஒரே எழுத்து என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்தக் கரும்பலகையிலும் காட்டியதில்லை. 'மீ' என்று எழுதியபின் பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள்: பெரும்பாலான செயலிகளில் சுழி மட்டும் போய் 'ம' எஞ்சி நிற்கும். என் வகுப்புக் குழந்தைகள் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். நான் தடுத்ததே இல்லை.

ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். வள்ளி என்று எழுத ளகரத்தை இருமுறை தட்டினால், முதல் எழுத்துக்குப் புள்ளியைக் கணினியே வைத்துவிடும். விரைவாக எழுதுவோருக்கு அது உதவி, கற்கும் குழந்தைக்கு இழப்பு. அதனால் புள்ளி வைக்கும் வேலையைப் பென்சிலுக்கே விட்டுவிடுங்கள். பெயரை மிகப் பெரிய அளவில், வெளிர் சாம்பல் நிறத்தில் அச்சிட்டுக் கொடுத்து, அதன்மேல் முதலில் விரலாலும் பிறகு பென்சிலாலும் எழுதச் செய்யுங்கள். சுட்டியை (மவுஸை) பிடித்து எழுத்தை வரையச் சொல்ல வேண்டாம். கை ஓரிடத்திலும் கோடு வேறிடத்திலுமாக இருப்பது குழந்தையைக் களைப்படையச் செய்கிறது.

சிறு விரல்கள் விசையைச் சட்டென்று விடாமல் அழுத்திப் பிடிப்பதால் ஒரே எழுத்து வரிசையாக வந்து விழும். கணினி அமைப்பில் விசை மீள்வேகத்தை, அதாவது அழுத்திப் பிடித்த விசையின் எழுத்து மீண்டும் மீண்டும் வரும் வேகத்தை, குறைத்து வைத்தால் அந்தக் கலக்கம் பெரிதும் நீங்கிவிடும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் பெயருக்கு வேண்டிய விசைகளில் மட்டும் தமிழ் எழுத்து ஒட்டினால் போதும். கோமதிக்கு ஐந்தே விசைகள்தாம். உங்கள் வகுப்பில் இருக்கும் பெயர்களில் வரும் எழுத்துகளைத் தொகுத்து அனுப்பினால், எந்தெந்த விசைகளில் எதை ஒட்ட வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஓர் ஆசிரியை