அங்கீகாரமும் ஒப்புதலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச கடிதங்களில் ‘அங்கீகாரம்’ என்ற சொல்லைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். வடமொழியில் அங்கம் என்றால் உடலின் உறுப்பு. ஒன்றைத் தன் உறுப்பாகவே ஆக்கிக்கொள்வதுதான் அங்கீகாரம். எங்கள் காணி விண்ணப்பத்தை எந்த அலுவலகமும் அப்படி அணைத்துக்கொண்டதாக நினைவில்லை!

‘அனுமதி’யும் வடமொழிதான். ‘ஒப்புதல்’ நம்முடையது. ஒப்பு என்ற வேருக்கு நிகராதல், இணங்குதல் என இரு பொருளும் உண்டு. கையொப்பத்தில் இருப்பதும் அதே ஒப்புத்தான்.

ஆனால் வன்னியில் மக்கள் வாயில் நிற்பது ‘பெர்மிட்’. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கிடைத்த நிலத்தை வட்டக்கச்சியில் ‘பெர்மிட் காணி’ என்றால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். ‘அனுமதிப்பத்திரக் காணி’ என்றால் பெரியவர்களே ஒரு கணம் யோசிப்பார்கள். ‘பெர்மிட்’ என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு ‘ஊடாகப் போகவிடுதல்’ என்று பொருள். என் கோப்பு இன்னும் ஒரு மேசையைக்கூடத் தாண்டவில்லை.

‘அங்கீகாரம் வழங்கப்பட்டது’ என்று செய்தி எழுதாமல், இன்னார் ‘ஒப்புதல் அளித்தார்’ என்று எழுதுங்கள். ஒப்பியவர் யாரென்றாவது எங்களுக்குத் தெரியவரும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி